ஆமா சொல்லித் தொலைத்த வீடு

பிரிம்பிள்ஸ்டோங்கிற ஒரு ஊரு, கேட்டியளா, இங்கிலாந்துல மேக்குப் பக்கம், அறுபத்துமூணு வீடு, சதுரமா கோபுரம் வச்ச ஒரு கல்லுக்கோயில், ஒரு வாத்துக்குளம், பப்புன்னு ஒரு சாராயக்கடை, ஒரு தபாலாபீசு, அம்புட்டுதான், மிச்சமெல்லாம் செம்மறியாடு. அந்த ஊர்ல பிறந்தவங்க யாரும் அடுத்தவங்க மூஞ்சியப் பாத்து 'இல்ல'ன்னு சொன்னதே கிடையாது. நானூறு வருஷத்துக்கு முன்னால ராஜா படையும் பார்லிமெண்ட் படையும் அடிச்சுக்கிட்டு ஊர் ஊராக் கொளுத்திட்டு வந்தப்ப, ராஜா படைக்காரன் குளத்தங்கரையில குதிரைய நிறுத்தி நீங்க எங்க ஆளுதானேன்னு கேட்டிருக்கான், ஊரே ஆமான்னுச்சாம். மத்தியானம் பார்லிமெண்ட் படைக்காரன் வந்து அதே இடத்துல அதே கேள்வியக் கேட்டிருக்கான், அதே வாயால ஆமான்னுச்சாம். பக்கத்து ஊரு மூணும் சாம்பலாப் போச்சு, இவங்க கூரையில ஒரு துரும்பு கருகல. அன்னைக்குப் பிடிச்ச பழக்கம், வாய் தானாவே ஆமாங்குது, பிள்ளைங்களுக்குப் பால் பல்லு முளைக்கும்போதே அது வந்துருது.

அந்த ஊருக்கு நாங்க போய்ச் சேர்ந்தோம். எங்க தெக்கத்தி நாசரேத்துப் பக்கம் கோயில் போதகரை ஐயருன்னுதான் சொல்லுவோம், பூணூல் ஐயரில்ல, வெள்ளை அங்கி ஐயரு; எங்க வீட்டு அவிய அப்படி ஒரு ஐயரு, நான் ஐயரம்மா, பேரு எமீமாள். அங்க கோயிலுக்கு ஐயரு கிடைக்காம அவியளக் கூப்பிட்டாங்க, நாங்களும் புளி, மிளகா, வத்தல் எல்லாம் கட்டிக்கிட்டு ஏறிட்டோம். விக்கர் வந்துட்டாரு, விக்கர் வந்துட்டாருன்னு ஊரே கை குடுத்துச்சு. அங்க ஐயருக்கு விக்கர்னு பேரு. முத ஞாயிறு நான் எல்லாருக்கும் மீன்குழம்பு வச்சுப் போட்டேன். 'அருமை', 'ரொம்ப வித்தியாசமா இருக்கு', 'இப்படி நாங்க சாப்பிட்டதே இல்ல'ன்னு சொல்லிக்கிட்டே கண்ணுல தண்ணி வழிய வழியத் தின்னாங்க பாவிங்க, ஒருத்தராவது உறைக்குதுன்னு வாய் திறக்கணுமே! திறந்தது ஒரே ஆளு. 'என் நாக்கு எரிஞ்சு போச்சு, கொஞ்சம் பால் குடு,' அப்படின்னுட்டு என் முகத்தைக் கிட்ட வந்து பாத்து, 'நீ காலையில அழுதிருக்க. வீடு குளிருதா, ஊரு ஞாபகமா?'ன்னு கேட்டாங்க. அவங்கதான் க்வென்.

க்வெனுக்கு எழுபது வயசு, தனிக்கட்டை, நாப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவங்க, பின்னால அறுபது பிள்ளைங்க கத்துற சத்தத்துல பேசிப் பேசி அந்த ஊர்லயே அவங்களுக்கு மட்டும் உள்ளத உள்ளபடி உரக்கச் சொல்றது வழக்கமாயிருச்சு. ஊருக்கு மேல மேட்டுல அவங்க வீடு, பத்து நிமிஷ நடை. நான் அன்னைக்குச் சாயங்காலமே போனேன், மறுநாளும் போனேன், அப்புறம் போகாத நாளே இல்ல. அந்தச் சீமையில எனக்குன்னு இருந்த ஒரே மனுஷி அவங்கதான். இத இப்பவே சொல்லிட்டா பின்னால நடந்தது விளங்கும்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. மே மாசம் ஒரு வியாழக்கிழமை ஊரே திரண்டு எல்லையச் சுத்தி நடக்கணும். வரைபடமே இல்லாத காலத்துல ஊரு எதுவரைக்கும்னு காலுக்குத்தான் தெரிஞ்சிருக்கு, அதனால வருஷா வருஷம் நடந்து நடந்து காலுக்கு ஞாபகப்படுத்தியிருக்காங்க. இருபத்தோரு எல்லைக்கல்லு. ஐயரு சிலுவையோட முன்னால போகணும், ஒவ்வொரு கல்லுலயும் நின்னு 'இது நம்ம எல்லையா?'ன்னு கேக்கணும், சனமெல்லாம் பச்சைக் கம்பால கல்ல ஓங்கி அடிச்சு 'ஆமா!'ன்னு கத்தணும். அம்புட்டுதான் சடங்கு. முடிஞ்சதும் பப்புல சாப்பாடு.

நாங்க போன வருஷம் அந்த வியாழக்கிழமை வந்துச்சு. க்வென் அதுக்கு ரெண்டு வாரம் முன்னாலதான் கூரைத் தண்ணிக்குழாயில அடைச்ச இலையத் தள்ளுறேன்னு ஏணியில ஏறி விழுந்து காலை ஒடிச்சு, இடுப்புவரைக்கும் மாவுக்கட்டோட கிடந்தாங்க, அதனால வரல. அவிய புது பூட்ஸ் போட்டு, அங்கிய மடிச்சுச் செருகி, சிலுவையப் பிடிச்சுக்கிட்டு கம்பீரமாத்தான் நடந்தாவ. பதினாறு கல்லு சரியா வந்துச்சு. அப்புறம் ஒரு பெரிய ஆஷ் மரம், அங்க பாதை ரெண்டாப் பிரியுது: வலப்பக்கம் மேட்டுல ஏறி சகதியும் முள்ளுமாப் போகுது, இடப்பக்கம் சரிவுல புல்லுத்தரையா இறங்குது. அவிய பூட்ஸைப் பாத்தாவ, சகதியப் பாத்தாவ, இடப்பக்கம் திரும்பிட்டாவ. பின்னால வந்த நாப்பது பேரும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னாங்க. ஒருத்தர் தொண்டையச் செருமினாரு. ஒருத்தங்க, 'இன்னைக்கு வெயில் எவ்வளவு நல்லாருக்கு'ன்னாங்க. 'ஆமா, ரொம்ப நல்லாருக்கு'ன்னு இன்னொருத்தங்க. புது விக்கரை, அதுவும் வேற நாட்டுல இருந்து வந்த மனுஷனை, நீங்க தப்பாப் போறீங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு அத்தனை பேரும் பின்னாலயே இறங்கிட்டாங்க. கீழே கார் ஏறாம இருக்க யாரோ உருட்டிவிட்ட ஒரு பாறாங்கல்லு கிடந்துச்சு. அவிய அதுக்கிட்ட நின்னு, 'இது நம்ம எல்லையா?'ன்னு கேட்டாவ. நாப்பது கம்பும் இறங்குச்சு, நாப்பது வாயும் 'ஆமா'ன்னுச்சு. நானும்தான் சொன்னேன், எனக்கு என்ன தெரியும்.

மறுநாள் காலையில க்வென் வீட்டுப் பாதை கொஞ்சம் நீண்டு போச்சு.

முதல்ல யாருக்கும் தெரியல. தபால்காரர் தனக்கு வயசாகுதுன்னு நினைச்சாரு. மூணாம் நாள் எனக்கே இருபது நிமிஷம் ஆச்சு, பத்தாம் நாள் ஒரு மணி நேரம். பாதை இழுபட்டதுன்னு சொல்ல முடியாது, நடுவுல புதுசா வயல் வந்துச்சு, வேலி வந்துச்சு, வேலியில பூ வந்துச்சு, யாரோடதுன்னு தெரியாத ஆடு நின்னு மேய்ஞ்சுச்சு, போன வாரம் இல்லாத ஒரு ஓடை நூறு வருஷமா ஓடுற மாதிரி பாசி பிடிச்சு ஓடுச்சு. ஊர்க்காரங்க அதுக்கு மலைச்சுப் போய் நிக்கல. ஊர்க்கமிட்டி கூடி, 'மேட்டுப் பாதை முன்னை விடச் சற்று நீண்டிருப்பது கவனத்தில் கொள்ளப்பட்டது'ன்னு நோட்டுல எழுதி, நடக்குறவங்க உக்கார ஒரு பெஞ்சு போடத் தீர்மானம் போட்டுச்சு. அடுத்த வாரம் ரெண்டாவது பெஞ்சு போட்டாங்க, அதுக்கடுத்த வாரம் மூணாவது. நாய் வச்சிருக்கவங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம், இவ்வளவு நல்ல நடைபாதை இந்த மாவட்டத்துலயே இல்லன்னு பக்கத்து ஊருக்காரங்களும் வந்தாங்க. தபால்காரர் புது பூட்ஸ் கேட்டு எழுதிப்போட்டு, அது வந்ததும் சந்தோஷமா ஆயிட்டாரு. தபாலாபீசு டோரத்தி அம்மா வழியில பூக்குற புதுப் பூவெல்லாம் வரைஞ்சு வாழ்த்து அட்டை பண்ணாங்க. டெலிபோன் மட்டும் சரியில்ல: 'க்வென், எப்படி இருக்கீங்க?'ன்னு நான் திங்கக்கிழமை கேட்டா, 'நல்லாருக்கேன், போனை வை'ங்கிற பதில் வியாழக்கிழமை வந்துச்சு.

ஊர்க்காரங்க நடந்து போகலாம், திரும்பி வரலாம். க்வெனால மட்டும் வர முடியல. ஒத்தக் கம்பை ஊனிக்கிட்டு ஒரு நாள் காலையில கிளம்பி, மத்தியானம் வரைக்கும் நடந்து, மூச்சு வாங்கித் திரும்பிப் பாத்தா வீட்டுக் கேட்டு முதுகுக்குப் பின்னாலயே நிக்குதாம். நெட்டில்டன்னு ஒரு பண்ணைக்காரர், வாயத் திறந்தா மன்னிக்கணும்ங்கிற வார்த்தைதான் முதல்ல வரும், அம்புட்டுக் கூச்சம், அவரு டிராக்டர்ல அவங்கள ஏத்திப் பாத்தாரு. டீசல் தீர்ற வரைக்கும் ஓட்டியும் கேட்டைத் தாண்டல. அவங்கள இறக்கி விட்டுட்டு ஒரு கேன் டீசலை ஊத்தித் தனியா வந்தா கொஞ்ச நேரத்துல ஊரு வந்துருச்சு. 'மன்னிக்கணும், அங்க காட்சி ரொம்ப நல்லாருக்கு'ன்னு மட்டும் பப்புல சொன்னாரு.

நான் தினமும் போனேன். அவங்களுக்கு இருதய மாத்திரை, ரொட்டி, பால், ஒரு தூக்குவாளி ரசம். ஜூன் கடைசியில போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம். ஜூலையில அஞ்சும் அஞ்சும் பத்து. அந்த நாட்டுல கோடையில ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் கிடக்கும், அதனால விடியக்காலம் கிளம்பினா இருட்டுறதுக்குள்ள திரும்பிரலாம். ஆனா கணக்கு எனக்குத் தெரியும்ல. பாதை நீளுது, பகல் குறையுது. ஒரு நாள் வரும், அன்னைக்குப் போனா அன்னைக்கே திரும்ப முடியாது. அதுக்கப்புறம் ஒரு நாள் வரும், யாருமே போக முடியாது. அந்தக் கட்டுக் காலோட, அந்த மாத்திரை தீர்ந்த டப்பாவோட, மனுஷி எங்கயோ ஒரு மேட்டுல தனியாப் போய்க்கிட்டே இருப்பாங்க. அவங்ககிட்ட கேட்டா, 'எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன், நீ நாளைக்கு வராத, உன் கால் வீங்கியிருக்கு பாரு'ம்பாங்க.

ஆகஸ்டுல, போக ஏழு மணி நேரம் வர ஏழு மணி நேரம்னு ஆயிருந்தப்ப, ஒரு நாள் அவங்க பாதத்துக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு கேட்டாங்க: 'எல்லை நடையில ஆஷ் மரத்துக்கிட்ட உன் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாரு?'

'இடப்பக்கம். சரிவுல.'

'பதினேழாவது கல்லு என் வீட்டுக்குப் பின்னால இருக்குடி,' அப்படின்னு தலையணையில கையால அடிச்சாங்க. 'வலப்பக்கம்! ஒருத்தன் கூடவா சொல்லல?'

'வெயில் நல்லாருக்குன்னு சொன்னாங்க.'

க்வென் நிமிந்து உக்காந்தாங்க. அப்புறம், 'ஒரு பாறாங்கல்லக் காட்டி எல்லையான்னு கேட்டாரு, அத்தனை பேரும் ஆமான்னுட்டாங்க. அப்ப என் வீடு எல்லைக்கு வெளிய போயிருச்சு, அதான் தள்ளித் தள்ளிப் போகுது. இதுக்கு ஒரே வழி, அதே கல்லுக்கிட்ட நின்னு அத்தனை பேரும் இல்லன்னு சொல்லணும்'னாங்க. சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க. 'பிரிம்பிள்ஸ்டோவுல! இல்லன்னு! அதவிடக் கடல் வத்திப்போறது சுலபம்.'

வீட்டுக்கு வந்து அவியகிட்ட சொன்னேன். மனுஷன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வச்சுட்டாவ. 'எமீ, அன்னைக்கு அவங்க மரத்துக்கிட்ட நின்னதை நான் பாத்தேன். ஜெபம் பண்றாங்கன்னு நினைச்சேன்'னாவ. பாவமா இருந்துச்சு. அடுத்த நாளே கமிட்டியக் கூட்டி, தப்பு என்னோடது, மறுபடி நடக்கலாம்னு கேட்டாவ. எல்லாரும் ஆமான்னாங்க, அருமையான யோசனைன்னாங்க. அப்ப அந்தக் கல்லுக்கிட்ட இல்லன்னு சொல்லணுமேன்னாவ. அதுக்கும் ஆமான்னாங்க, கட்டாயம்னாங்க. ஆனா முகமெல்லாம் வெளிறிப் போச்சு.

சனிக்கிழமை காலையில கிளம்பினோம். பதினாறு கல்லும் அடிச்சாச்சு. ஆஷ் மரத்துல இடப்பக்கம் இறங்கி, அந்தப் பாறாங்கல்லைச் சுத்தி நின்னோம். அவிய கேட்டாவ: 'இது நம்ம எல்லையா?'

அப்புறம் டோரத்தி அம்மா மெதுவா, 'பாக்க ரொம்ப லட்சணமான கல்லு, விக்கர்'னாங்க. 'அப்படியும் இருக்கலாம், நாம யாரு சொல்ல'ன்னு ஒருத்தர். 'உங்களுக்கு எப்படித் தோணுதோ'ன்னு இன்னொருத்தர். அவிய மறுபடி கேட்டாவ. நாப்பது பேரும் வானத்தப் பாத்தாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு. எங்க ஊர்ல ஐயரம்மா சபைக்கு நடுவுல ஐயரை எதுத்து ஒரு வார்த்தை பேசிற முடியாது, கேட்டியளா, இருபத்தாறு வருஷமா அவிய பிரசங்கம் நீண்டாக் கூட நான் இருமினது கிடையாது. ஆனா அன்னைக்கு என் வாய் திறந்துருச்சு. 'இல்ல!'ன்னு கத்தினேன். 'இது எல்லை இல்ல!'

ஒண்ணும் நடக்கல. என் ஒருத்தி குரலுக்கு என்ன நடக்கும். திரும்பிப் பாத்தா எல்லாரும் என்னை மரியாதையாப் பாத்துச் சிரிக்காங்க. அந்தச் சிரிப்பைப் பாத்ததும் எனக்குத் தாங்கல. 'ஏ கூறுகெட்ட சனமே!'ன்னு தமிழ்ல ஆரம்பிச்சேன் பாருங்க. 'உங்க பிள்ளைங்களப் பூரா பஸ்ல ஏத்தி இறக்கின க்வென், மாவுக்கட்டோட காட்டுல கிடக்கா, நீங்க பெஞ்சா போடுதிய பெஞ்சு? ஒரு வார்த்தை! ஒத்த வார்த்தை சொல்ல உங்க நாக்கு அழுகிப் போச்சா? நாளைக்கு நான் போனா திரும்ப முடியாதுய்யா, போகலன்னா க்வென் செத்துப் போவா, நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க'ன்னு ஆரம்பிச்சவ, அழுதுட்டேன். ஒரு எழுத்து கூட அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது. ஆனா க்வென்ங்கிற பேரு நடுவுல ரெண்டு மூணு தடவ வந்துச்சு, அழுகையும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே.

நெட்டில்டன் தொப்பியக் கழட்டினாரு. கழுத்தெல்லாம் சிவந்து போச்சு, தொப்பியப் பிழிஞ்சு எடுத்துட்டாரு. 'மன்னிக்கணும், விக்கர்'னாரு. அப்புறம், 'இல்ல'ன்னாரு. 'இது நம்ம எல்லை இல்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆமான்னேன்.'

'இல்ல'ன்னாங்க டோரத்தி அம்மா, சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டாங்க, அப்புறம் கைய எடுத்துட்டு இன்னொரு தடவ 'இல்ல!'ன்னாங்க, இந்தத் தடவ ருசிச்சுச் சொன்ன மாதிரி இருந்துச்சு. தபால்காரர் இல்லன்னாரு. பப்புக்காரர் இல்லன்னாரு. அப்புறம் மடை திறந்த கதைதான், நாப்பது பேரும் இல்ல இல்லன்னு கத்த, கம்பால தரையில அடிக்க, குளத்து வாத்தெல்லாம் பறந்து வந்து பாத்துட்டுப் போச்சு, நானூறு வருஷமா உள்ள கிடந்த இல்லயெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வெளிய வந்துச்சு: உன் கேக்கு வேகவே இல்ல, எனக்கு உன் நாயைப் பிடிக்கவே இல்ல, இல்ல நான் இனிமே கோயில் பூ அடுக்க வரமாட்டேன் எனக்குப் பூன்னாலே தும்மல், இல்ல விக்கர் உங்க பிரசங்கம் பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல தாங்கல, இல்ல ஐயரம்மா அந்த மீன்குழம்பு சத்தியமா எங்களக் கொன்னுருச்சு. ஒருத்தருக்கும் கோவம் வரல. எல்லாரும் இறுக்கின பெல்ட்டைத் தளத்தி விட்ட மாதிரி மூச்சு விட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டு, ஒருத்தர் முதுகுல ஒருத்தர் தட்டிக்கிட்டு நின்னாங்க. அவியதான் ரொம்பச் சிரிச்சாவ, வயித்தப் பிடிச்சுக்கிட்டு கல்லு மேலயே உக்காந்துட்டாவ.

அப்புறம் ஆஷ் மரத்துக்குத் திரும்பி வலப்பக்கம் ஏறினோம், சகதியில, முள்ளுல. மேட்டுப் பாதைய வந்து தொட்டா, நடுவுல முளைச்ச வயலும் ஓடையும் காணோம், போட்ட பதினொரு பெஞ்சும் சினிமாக் கொட்டாயி மாதிரி நெருக்கி வரிசையா நிக்குது, இடையில விரல் நுழைய இடமில்ல, யாரோடதுன்னு தெரியாத ஆடெல்லாம் அது மேல ஏறி நின்னு எங்களப் பாக்குது. அதத் தாண்டினா கேட்டு. பத்து நிமிஷம்தான். எனக்குக் கால் தரையில பாவல, ஓடினேன், சேலையெல்லாம் சகதி.

க்வென் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. எல்லாரும் வீட்டுக்குப் பின்னால போனோம், பதினேழாவது கல்லு நெட்டில்னு அந்த ஊரு காஞ்சொறிச் செடிக்குள்ள மூடிக் கிடந்துச்சு, நெட்டில்டன் கையாலயே பிச்சுப் போட்டாரு. 'இது நம்ம எல்லையா?'ன்னு அவிய கேட்டாவ. யாரும் வாயத் திறக்கல, க்வென் சொல்லட்டும்னு காத்துக்கிட்டு நின்னாங்க. கம்பை ஓங்கி ஒரு அடி அடிச்சு, 'ஆமா'ன்னாங்க. அப்புறம்தான் ஊரு கத்துச்சு.

சனமெல்லாம் அடுத்த கல்லுக்கு நகர்ந்ததும் நான் அவங்க பக்கத்துல போய், 'பயந்துட்டீங்களா?'ன்னு கேட்டேன்.

'நானா? ஒரு நாள் கூட இல்ல,' அப்படின்னாங்க.

ஊரே உண்மையச் சொன்ன அன்னைக்கு, பொய் சொன்னது அவங்க ஒருத்தங்கதான். என் மணிக்கட்டைப் பிடிச்சிருக்காங்க, விரல் அஞ்சும் பதிஞ்சு எனக்கு வளையல் குத்துது, விடவே மாட்டேங்குறாங்க. நானும் சரின்னு தலையாட்டி, வலிக்குதுன்னு சொல்லாம அப்படியே நின்னேன்.